காலம் தவறாத வண்டிகள்

வத்தலக்குண்டின் எல்லையில் நின்று மேற்கே நோக்கினால், வானை முட்டும் நீல மதில் போலப் பழனி மலைத்தொடர் தோன்றும். அம்மதிலின் மேல், கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 7000 அடி உயரத்தில், கோடைக்கானல் நகரம் அமைந்துள்ளது. இன்று அந்நகருக்குச் செல்வது எளிது. காலையில் மதுரையில் பேருந்து ஏறியவர் நண்பகல் உணவை ஏரிக்கரையில் உண்ணலாம். நூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட நிலைமை வேறு. புகைவண்டியில் வந்து அம்மையநாயக்கனூரில் இறங்கியோர், மாட்டு வண்டியில் நெடுந்தொலைவு சென்று மலையடிவாரத்தை அடைவர். அங்கிருந்து செல்வர்கள் டோலியில் ஏறிக்கொள்ள, ஆட்கள் அவர்களைச் சுமந்து செல்வர். சிலர் மட்டக் குதிரையில் செல்வர். ஏனையோர்க்குக் காலே துணை. முதல் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில்தான் வத்தலக்குண்டிலிருந்து மலையை வளைத்து வளைத்து ஏறும் வண்டிப் பாதை அமைந்தது. அதனை அமைப்பதில் முன்னின்ற லா என்னும் ஆங்கில அதிகாரியின் பெயரால் அது லாஸ் காட் சாலை எனப்பட்டது.

சமவெளிச் சாலையில் மோட்டார் வண்டியின் குறைகள் வெளியே தெரிவதில்லை. மலைச் சாலையோ எதனையும் மறைக்க விடாது. டம்டம் பாறையைத் தாண்டி, ஊத்து, பெருமாள்மலை என ஏறிச் செல்லும் வண்டி, தன் எஞ்சினில் உள்ள சிறு பிழைக்கும் பெருமூச்சு விட்டு நின்றுவிடும். உயரம் செல்லச் செல்லக் காற்றின் அடர்த்தியும் குறைகின்றது. 7000 அடி உயரத்தில் எஞ்சின் தன் ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை இழந்துவிடும். ஏற்றம் மிகும் இடத்திலேயே வலிமை குறைகின்றது. ஆகவே மலையேறும் வண்டிக்கு எஞ்சினின் ஒழுங்கே உயிர்.

இம்மலைமேல் அமைந்த தம் இல்லத்தில் வாழ்நாளின் இறுதியைக் கழித்த ஒருவர், தென்னாட்டில் மோட்டார் போக்குவரத்திற்குக் கால்கோள் செய்தவர். டி. வி. எஸ். என்னும் மூன்று எழுத்துகளால் தமிழ்நாடு முழுவதும் அறியப்பெற்ற டி. வி. சுந்தரம் ஐயங்காரே அவர்.

திருநெல்வேலிச் சீமையில் மகேந்திரகிரி மலையின் நிழலில் திருக்குறுங்குடி என்னும் பழம்பதி உள்ளது. வைணவர்கள் போற்றும் நூற்றெட்டுத் திருப்பதிகளுள் அஃது ஒன்று. அவ்வூரில் 1877-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 22-ஆம் நாள் சுந்தரம் பிறந்தார். மகன் சட்டம் பயின்று வழக்கறிஞராக வேண்டும் என்பது தந்தையாரின் விருப்பம். அவ்விருப்பத்தின்படியே அவர் சட்டத் துறையில் வாழ்க்கையைத் தொடங்கினார். பின்னர் இரயில்வேயில் பணியாற்றினார். அதன்பின் ஒரு வங்கியில் அமர்ந்தார். அக்காலத்தில் இரயில்வே உத்தியோகமும் வங்கி உத்தியோகமும் கிடைத்தற்கு அரியன. கிடைத்ததை விடுவோர் அதனினும் அரியர். சுந்தரம் ஐயங்கார் இரண்டையும் விட்டார். முப்பது வயதைக் கடந்து, குடும்பப் பொறுப்பும் உடைய ஒருவர் நிலையான ஊதியத்தை உதறிவிட்டு வாணிகத்தில் இறங்கியதை உறவினர் சிலரேனும் அறிவுடைமை என்று கருதியிருக்க மாட்டார்கள்.

1911-ஆம் ஆண்டில் அவர் தம் நிறுவனத்தைத் தொடங்கினார். 1912-ஆம் ஆண்டில் மதுரை நகரில் அவருடைய பேருந்து ஓடத் தொடங்கியது. பேருந்து என்றதும், மாணவர்களே, இன்று நீங்கள் ஏறிச் செல்லும் வண்டியை எண்ணிக்கொள்ளாதீர்கள். அக்காலத்து மோட்டார் வண்டி பெரும்பாலும் திறந்த கூண்டு, மரச்சட்டம், மேலே துணிக்கூரை. பெட்ரோல் தகர டின்களில் அடைத்து விற்கப்பட்டது. ஓர் உறுப்பு முறிந்தால் மாற்று உறுப்புக் கடல் கடந்து வரவேண்டும். சாலைகளோ மாட்டு வண்டிகளுக்காக அமைந்தவை. மழைக்காலத்தில் சேறும் கோடையில் புழுதியுமாய்க் கிடப்பவை. மக்களுக்கும் இப்புதிய ஊர்தியிடம் நம்பிக்கை இல்லை. மணிக்கு இரண்டு மூன்று மைல் செல்லும் மாட்டு வண்டி மெதுவாகச் சென்றாலும் ஊர் சேர்த்துவிடும். விரைந்து செல்லும் மோட்டார் வண்டி வழியில் நின்றுவிட்டால் யாது செய்வது? அக்கேள்விக்கு விடை கூறாமல் பேருந்துத் தொழில் நிலைக்க முடியாது என்பதைச் சுந்தரம் ஐயங்கார் தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தார்.

விரைவைவிட ஒழுங்கு முதன்மையானது என்பது அவர் கண்ட முடிவு. குறித்த நேரத்தில் வண்டி புறப்பட வேண்டும். பயணிகள் நிரம்பவில்லை என்று காத்திருத்தல் கூடாது. குறித்த நேரத்தில் ஊர் சேர வேண்டும். இஃது இன்று எளிய செய்தியாகத் தோன்றலாம். ஆனால் ஆள் சேர்ந்த பின்பே வண்டி கட்டும் வழக்கமுடைய நாட்டில் அது பெரும் புதுமை. டி. வி. எஸ். வண்டி வரும் நேரத்தைக் கொண்டு மக்கள் தங்கள் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டனர் என்று மதுரைப் பக்கத்து முதியோர் கூறுவர். சாலையில் மாட்டு லாடங்களிலிருந்து உதிர்ந்து கிடக்கும் ஆணிகள் டயர்களைத் துளைத்துப் பயணத்தைக் கெடுத்தமையால், காந்தம் பொருத்திய வண்டியொன்றை ஓட்டி அவ்வாணிகளைப் பொறுக்கச் செய்தார் என்றும் சொல்வர். கேட்கும்போது நகை தோன்றினும் இச்செயலில் உள்ள கணக்கைக் காண வேண்டும். ஓர் ஆணியினால் ஒரு டயர் கெடும். டயர் கெட்டால் அரைமணி கெடும். அரைமணி கெட்டால் நாற்பது பேருடைய நம்பிக்கை கெடும்.

வண்டி நேரம் தவறாது ஓட வேண்டுமாயின், வண்டிக்குள் இருக்கும் எஞ்சின் நேரம் தவறாது இயங்க வேண்டும். அவ்வியக்கத்தைச் சிறிது விளக்கமாகக் காண்போம். பின்னர் நேர்ந்த பெரும் இடர் ஒன்றைச் சுந்தரம் ஐயங்காரின் நிறுவனம் எவ்வாறு கடந்தது என்பதை உணர அது துணை செய்யும்.

எஞ்சினில் இரும்பாலாகிய குழாய்கள் நிற்கின்றன. அவற்றைச் சிலிண்டர்கள் என்பர். ஒவ்வொரு சிலிண்டரிலும் பிஸ்டன் என்னும் அடைப்பு, உரலில் உலக்கை போல மேலும் கீழும் இயங்கும். பிஸ்டன் முதன்முறை கீழிறங்கும்போது பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்த கலவை உள்ளே புகும். மேலேறும்போது அக்கலவை இறுக்கப்படும். அந்நேரம் பிளக் ஒரு மின்பொறியை உண்டாக்கும். கலவை எரிந்து விரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளும். மீண்டும் மேலேறும்போது பிஸ்டன் புகையை வெளியேற்றும். இந்நான்கு வீச்சுகளுள் வேலை செய்வது ஒன்றே. மற்ற மூன்றும் அதற்கான ஆயத்தமும் துப்புரவுமே ஆகும். ஆகவே ஒரு சிலிண்டர் மட்டும் உள்ள எஞ்சின் ஒரு முறை உந்திப் பின் ஓய்வதாகத் துள்ளித் துள்ளி ஓடும். பல சிலிண்டர்களை அமைத்து, ஒன்று ஓயும்போது மற்றொன்று உந்துமாறு செய்தால் ஓட்டம் சீராகும்.

இனி, எந்தச் சிலிண்டர் முதலில் வெடிக்க வேண்டும், எது அடுத்து வெடிக்க வேண்டும் என்ற வரிசை தேவைப்படுகின்றது. 1929-ஆம் ஆண்டு முதல் செவர்லே வண்டிகளில் ஆறு சிலிண்டர் எஞ்சின் வந்தது. அதன் வெடிப்பு வரிசை 1, 5, 3, 6, 2, 4 என்பதாகும். ஒன்று, இரண்டு, மூன்று என எண் முறையில் ஏன் அமையவில்லை என்று நீங்கள் கேட்கலாம். ஆறு பிஸ்டன்களும் கிராங்குத் தண்டு என்னும் ஒரே வளைதண்டில் பூட்டப்பட்டுள்ளன. அருகருகே உள்ள சிலிண்டர்கள் தொடர்ந்து வெடித்தால், அத்தண்டின் ஒரு பக்கத்திலேயே அடிமேல் அடி விழும். தண்டு முறுக்கேறி அதிரும். கலவையைப் பெறுவதிலும் பக்கத்துச் சிலிண்டர்கள் ஒன்றன் பங்கை மற்றொன்று கவர்ந்துகொள்ளும். ஆகவே முன்னே ஓர் அடி, பின்னே ஓர் அடி, நடுவே ஓர் அடி எனப் பகிர்ந்தளித்தனர். தேர் இழுப்போர் ஒரு வடத்தை மட்டும் பிடித்திழுத்தால் தேர் கோணுமன்றோ? அதுபோன்றதே இது.

நான்கு சிலிண்டர் எஞ்சினில் 1, 3, 4, 2 என்பது ஒரு வரிசை. 1, 2, 4, 3 என்பது மற்றொரு வரிசை. போர்டு நிறுவனத்தின் பழைய ‘டி’ வகை வண்டி இரண்டாவது வரிசையில் இயங்கியது. கிராங்குத் தண்டின் அமைப்பு இரண்டு வரிசைக்கும் இடந்தரும். ஆனால் வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டு ஒரு வரிசைக்கே வெட்டப்பட்டிருக்கும். ஆதலால் வரிசையை மாற்ற விரும்புவோர் கேம் தண்டையே மாற்றி, அதற்கேற்பப் பிளக் கம்பிகளையும் இடம் மாற்றிப் பூட்ட வேண்டும். கேம் தண்டு பழையதாயிருக்கக் கம்பிகளை மட்டும் மாற்றினால், கலவையை இறுக்காத சிலிண்டருக்குப் பொறி போய்ச் சேரும். எஞ்சின் இருமும், பின்னோக்கி வெடிக்கும், அல்லது அசையாது கிடக்கும். பட்டறையில் புதிதாய்ச் சேர்ந்த பையன் இரு கம்பிகளைத் தவறி மாற்றிப் பூட்டிவிட்டு, வண்டி ஏன் கிளம்பவில்லை என்று விழிப்பது எந்த ஊர்ப் பட்டறையிலும் நிகழ்வதே. நிமிடத்திற்கு 2000 முறை சுழலும் ஆறு சிலிண்டர் எஞ்சினில் நொடிக்கு நூறு பொறிகள் எழுகின்றன. ஒவ்வொன்றும் தன் முறை அறிந்து, தன் இடம் அறிந்து எழவேண்டும்.

வரிசையைப் போலவே கணமும் இன்றியமையாதது. கலவை எரிந்து முடியச் சிறிது நேரம் வேண்டும். ஆதலின் பிஸ்டன் உச்சியை அடைவதற்குச் சற்று முன்னரே பொறி எழும்பவேண்டும். மிகவும் முந்தினால், மேலேறி வரும் பிஸ்டனை வெடிப்பு எதிர்த்துத் தள்ளும். அக்காலத்தில் முன்புறம் உள்ள கைப்பிடியைச் சுழற்றியே எஞ்சினைக் கிளப்பினர். ஸ்டியரிங் அருகே பொறியை முற்படுத்தவும் பிற்படுத்தவும் ஒரு நெம்புகோல் இருந்தது. அதனைப் பின்தள்ள மறந்து கைப்பிடியைச் சுற்றியவர்களின் மணிக்கட்டை எஞ்சின் முறித்துவிட்டதும் உண்டு. கணம் தவறுவதன் விளைவைப் பழைய ஓட்டுநர்கள் எலும்பினால் அறிந்திருந்தார்கள்!

சுந்தரம் ஐயங்காரின் தொழில் விரிந்தது. பேருந்துகளும் சரக்கு வண்டிகளும் சதர்ன் ரோட்வேஸ் என்னும் பெயரில் ஓடின. பழுது பார்க்கும் பட்டறைகள் எழுந்தன. மோட்டார் உறுப்புகளை விற்பதற்கென்று மெட்ராஸ் ஆட்டோ சர்வீஸ் என்னும் நிறுவனமும், வண்டிகளை விற்பதற்கென்று சுந்தரம் மோட்டார்ஸ் என்னும் நிறுவனமும் தோன்றின. அமெரிக்க நாட்டு ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளின் பெரிய விற்பனையாளராகச் சுந்தரம் மோட்டார்ஸ் பின்னாளில் விளங்கியது. புதல்வர்களும் தொழிலில் இறங்கித் தந்தைக்குத் தோள் கொடுத்தனர். இவ்வளர்ச்சியை ஆண்டுவாரியாக விரித்துரைத்தல் வேண்டா. அவர் வாழ்வின் பெருஞ்சோதனை இவ்வாறு எல்லாம் செழித்திருந்த காலத்தில் வந்தது.

1939-ஆம் ஆண்டில் இரண்டாம் உலகப் போர் மூண்டது. 1941-இல் நம் நாட்டில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது. 1942-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மலேயாவும், அதனையடுத்து இரங்கூனும் சப்பானியர் கைப்பட்டன. இரங்கூன் வீழ்ந்ததனால் பர்மாவின் எண்ணெய் நமக்கு இல்லையாயிற்று. மலேயா வீழ்ந்ததனால் உலகின் இரப்பர் விளைவில் பெரும்பகுதி நேச நாடுகளின் கையை விட்டுப் போயிற்று. எண்ணெய் இல்லை, டயர் இல்லை, உள்ளவற்றைப் படை முதலில் எடுத்துக்கொண்டது. மதுரையிலிருந்து பழனி மலைகளின் தென்புறமாகப் போடிநாயக்கனூர் வரை சென்ற இருப்புப் பாதையும் போரின்போது மூடப்பட்டது. மலையடிவாரத்து ஊர்களில் வாழ்வோர் தம் விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டு செல்லவும், நோயாளியை மதுரை மருத்துவமனைக்குக் கொண்டு சேர்க்கவும் பேருந்தையன்றி வேறு துணை அற்றவர் ஆயினர். அப்பேருந்தும் நின்றுவிட்டால், முப்பது ஆண்டுகளுக்கு முன்பிருந்த மாட்டு வண்டிக் காலத்திற்கே நாடு திரும்ப வேண்டியதுதான்.

பெட்ரோல் இல்லை, ஆதலால் வண்டிகள் ஓடா. இவ்வாறு கூறி வாளா இருந்திருந்தால் அவரைக் குறை கூறியிருப்பார் யார்? அரசே பெட்ரோலைக் கட்டுப்படுத்திய காலம் அது. ஆனால் முப்பது ஆண்டுகளாக நேரம் தவறாமல் ஓடிய வண்டிகளைக் கொட்டகையில் நிறுத்தி வைக்க அவர் மனம் இசையவில்லை. பெட்ரோல் கிட்டாவிடில் வேறு எதனால் எஞ்சினை இயக்கலாம் என்று ஆராயலாயினர். விடை, ஏழையின் அடுப்பில் இருந்தது. அது மரக்கரி.

கரியைக் கொண்டு எஞ்சினை ஓட்டும் முறை முற்றும் புதியதன்று. பிரான்சு நாட்டில் இம்பேர் என்பவர் 1920-களிலேயே இதற்கான கலங்களை அமைத்திருந்தார். போர்க்காலத்தில் ஐரோப்பாவில் பல்லாயிரக்கணக்கான வண்டிகள் இவ்வாறே ஓடின. ஆயினும் அங்கு அமைத்த கலத்தை இங்கு வரவழைத்தல் போர்க்காலத்தில் இயலாத செயல். நம் நாட்டில் கிடைக்கும் தகட்டையும் கரியையும் கொண்டு, நம் நாட்டுப் பட்டறையில், நம் தொழிலாளர் கைகளாலேயே அது செய்யப்பட வேண்டும். டி. வி. எஸ். கேஸ் பிளாண்ட் என்னும் கலம் இவ்வாறு பிறந்தது. சுந்தரம் ஐயங்காரின் நிறுவனம் அதனை வடிவமைத்துத் தயாரித்தது.

வண்டியில் பூட்டிய உயரமான பீப்பாய் ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அதனுள் கரி நிரப்பி அடியில் தீ மூட்டுவர். காற்றை மிகுதியாக விட்டால் கரி முழுவதும் எரிந்து சாம்பலாகிவிடும். குறைவாக விட்டால் முழுதும் எரியாமல், கார்பன் மோனாக்சைடு என்னும் எரியும் வாயு உண்டாகும். சிறிது நீராவியும் சேர்ந்தால் ஹைட்ரஜனும் கிடைக்கும். இவ்வாயுவைக் குளிரச் செய்து, சாம்பலும் தூசியும் நீங்க வடிகட்டி, காற்றோடு கலந்து எஞ்சினுக்குள் விடுவர். ஒரு லிட்டர் பெட்ரோல் செய்யும் வேலைக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ கரி தேவைப்படும். அவ்வாயு நிறமும் மணமும் அற்றது. மூடிய கொட்டகையில் அதனைச் சுவாசித்தவர் அறியாமலே உயிரிழக்கக்கூடும். ஆதலின் எச்சரிக்கையும் வேண்டும்.

கலத்தைப் பூட்டிவிட்டால் மட்டும் வண்டி ஓடிவிடாது. பெட்ரோலுக்கென அமைந்த எஞ்சினைக் கரி வாயுவிற்கு ஏற்பத் திருத்தியாக வேண்டும். வெடிப்பு வரிசையில் மாற்றமில்லை. அது கேம் தண்டில் வெட்டி வைத்த விதி. ஆனால் வெடிப்பின் கணத்தை மாற்ற வேண்டும். கரி வாயு பெட்ரோல் ஆவியைவிட மெதுவாக எரிவது. பழைய கணத்திலேயே பொறி எழுந்தால், பிஸ்டன் கீழிறங்கத் தொடங்கிய பின்னும் கலவை எரிந்துகொண்டே இருக்கும், உந்தல் வீணாகும். ஆகவே பொறியைப் பங்கிடும் டிஸ்டிரிபியூட்டரைச் சிறிது திருப்பி, முன்னிலும் பத்துப் பதினைந்து பாகை முந்திப் பொறி எழுமாறு செய்தனர். சிலிண்டரின் தலைப்பகுதியைச் சீவி, கலவை முன்னிலும் இறுக்கமாக அழுந்துமாறு செய்வதும் உண்டு. விரல் அகலத்திற்கும் குறைவான ஒரு திருப்பம். ஆயினும் அது செய்யப்படாத வண்டி சிற்றேற்றத்தையும் ஏறாது.

இவ்வளவு செய்தும், பெட்ரோலில் பெற்ற ஆற்றலில் பாதியளவே கிட்டும். நன்கு திருத்திய எஞ்சினில் அதனினும் சற்று மிகுதியாகக் கிட்டலாம். சமவெளியில் இக்குறையைப் பொறுத்துக்கொள்ளலாம். லாஸ் காட் சாலை போன்ற மலைப்பாதையிலோ கரி வண்டி எதுவாயினும் திணறியே ஏற வேண்டும். உயரத்தினால் ஐந்தில் ஒரு பங்கு போகும்; கரியினால் பாதி போகும். ஓட்டுநர் தாழ்ந்த கியரிலேயே வண்டியை நடத்த வேண்டும். வளைவில் நின்றால் தீ தணியும். தீ தணிந்தால் வாயு மெலியும். வாயு மெலிந்தால் ஏற்றத்தில் மீண்டும் கிளம்புவது அரிது. காலையில் வண்டி புறப்படுமுன் காற்றுச் சுழலியைக் கையால் சுற்றித் தீயை வளர்க்க வேண்டும். வழியில் கரியைத் தள்ளிவிட வேண்டும். மாலையில் சாம்பலை அகற்றி, வடிகட்டியைக் கழுவ வேண்டும். முன்பு ஸ்டியரிங்கை மட்டும் பிடித்திருந்த ஓட்டுநரும் உதவியாளரும் இப்போது கொல்லனும் சமையற்காரனும் ஆனார்கள். உடையெல்லாம் கரி, முகமெல்லாம் புகை. போர்க்காலத்தில் நம் சாலைகளை இயக்கிய இத்தொழிலாளர்களின் பெயர்கள் எந்நூலிலும் இடம்பெறவில்லை. அவர்கள் உழைப்பின்றி எந்தக் கலமும் ஓர் அடி நகர்ந்திராது.

டயர்த் தட்டுப்பாட்டிற்கும் வழி காணப்பட்டது. தேய்ந்த டயரின் உடல் பெரும்பாலும் கெடுவதில்லை, மேற்பரப்பே தேய்கின்றது. அதன்மேல் புதிய இரப்பரைப் பதித்து, வெப்பத்தில் ஒட்டச் செய்தால் டயர் மீண்டும் உழைக்கும். இத்தொழிலிலும் சுந்தரம் ஐயங்கார் இறங்கினார். எறியத்தக்கது எனக் கருதியதை மீண்டும் சாலைக்குக் கொணரும் இம்முறை, போர் முடிந்த பின்னரும் தனித் தொழிலாக நிலைபெற்றது. கரி வாயுக் கலமோ அவ்வாறு நிலைக்கவில்லை. பெட்ரோல் மீண்டும் தாராளமாகக் கிடைத்தவுடன் ஓட்டுநர்கள் அப்பீப்பாய்களைக் கழற்றி எறிந்தனர். அதில் வியப்பில்லை. அது விரும்பி மேற்கொண்ட முறையன்று. வேறு வழியில்லாத நாளில் கைகொடுத்த முறையாகும்.

தொழிலால் பெயர் பெற்ற இக்குடும்பம் தொண்டாலும் பெயர் பெற்றது. சுந்தரம் ஐயங்காரின் மகள் சௌந்திரம் இளமையிலேயே கணவரை இழந்தார். கைம்பெண்கள் வீட்டின் மூலையில் ஒடுங்கிக் கிடந்த காலம் அது. சௌந்திரமோ தில்லி சென்று மருத்துவம் பயின்று 1936-இல் பட்டம் பெற்றார். பின்னர்க் காந்தியடிகளின் தொண்டரான கோ. இராமச்சந்திரனை 1940-இல் மணந்தார். இருவரும் 1947-ஆம் ஆண்டில் திண்டுக்கல்லை அடுத்த சின்னாளப்பட்டியருகே, சிறுமலையின் அடிவாரத்தில், காந்திகிராமத்தை நிறுவினர். தந்தை சாலைகளின்மேல் மக்களைக் கொண்டு சென்றார் எனின், மகள் சாலை சேராத சிற்றூர்களுக்கு மருத்துவத்தையும் கல்வியையும் கொண்டு சென்றார். அவர் வாழ்வு தனிப் பாடமாகக் கற்கத்தக்கது.

வயது முதிர்ந்தபோது சுந்தரம் ஐயங்கார் தொழிற் பொறுப்பைப் புதல்வர்களிடம் ஒப்படைத்தார். நட்டு வளர்த்ததைத் தம் கையிலேயே இறுதிவரை பிடித்துக்கொண்டு, அடுத்த தலைமுறையைக் காத்திருக்கச் செய்யும் முதியோர் பலர். அவர் அவ்வாறு செய்யவில்லை. 1955-ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்கள் 28-ஆம் நாள், விடியற்காலையில், கோடைக்கானலில் தம் இல்லத்தில் உறக்கத்திலேயே அவர் உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது 78.

அவர் மறைந்தபின் அவர்தம் புதல்வர்கள், வண்டிகளை ஓட்டுவதோடு நில்லாது வண்டியின் உறுப்புகளை இந்நாட்டிலேயே செய்ய முற்பட்டனர். சென்னையை அடுத்த பாடியில் சக்கரம் செய்யும் வீல்ஸ் இந்தியா 1960-லும், எஞ்சினின் மின் உறுப்புகளைச் செய்யும் லூகாஸ் டி. வி. எஸ். 1961-லும், தடைக்கருவி செய்யும் சுந்தரம் கிளேட்டன் 1962-லும் தோன்றின. போர்க்காலத்தில் மதுரைப் பட்டறையில் விரலளவு திருப்பி வைக்கப்பட்ட டிஸ்டிரிபியூட்டர் கடல் கடந்து வந்த பொருள். இப்போது அவ்வுறுப்பு பாடியிலேயே செய்யப்பட்டது. பேருந்துகளோ வேறு வழி சென்றன. தனியார் பேருந்துகளை அரசு ஏற்றபோது, 1972-ஆம் ஆண்டில் மதுரையைத் தலைமையிடமாகக் கொண்டு பாண்டியன் போக்குவரத்துக் கழகம் அமைந்தது. சுந்தரம் ஐயங்காரின் நிறுவனத்துப் பேருந்துகள் அக்கழகத்திற்கு உரிமையாயின. ஓட்டுநர்களும் நடத்துநர்களும் பட்டறைத் தொழிலாளர்களும் தம் கருவிகளுடன் அரசுப் பணிக்குச் சென்றனர்.